புண்ணுக்கு மார்க் போட்டவர்கள்

பைபாஸ் முடிந்து வீடு திரும்பியவரின் சட்டையில், பத்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, நெஞ்சுக்கு நேராகச் சின்னதாய் ஒரு ஈரப்பொட்டு தெரியும். வியர்வை என்றுதான் வீட்டில் முதலில் நினைப்பார்கள். இருமும்போது உள்ளே ஏதோ நகர்கிற மாதிரி, 'கிளிக்' என்று சத்தம் கேட்கிற மாதிரி இருக்கிறது என்பார் அவர். காய்ச்சல் லேசாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இதயம் நன்றாகத்தான் துடித்துக்கொண்டிருக்கும். ஒட்டுப்போட்ட ரத்தக்குழாய்களில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். வந்த வேலை முடிந்துவிட்டது. ஆனால், இதயத்தை எட்டுவதற்காகத் திறந்த வாசல் சீழ்பிடித்துவிட்டது.

அந்த வாசலுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் ஜான் கிப்பன், இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு பதினெட்டு வயதுப் பெண்ணின் இதயத்திலிருந்த ஓட்டையை அடைத்தார். அந்தக் காலத்தில் விலா எலும்புகளுக்கு இடையே, நெஞ்சின் குறுக்காக வெட்டித்தான் பெரும்பாலும் உள்ளே போனார்கள். வலி அதிகம், நுரையீரலுக்கும் கஷ்டம். மார்பெலும்பை நடுவில் நீளவாக்கில் பிளந்துகொண்டு போகலாம் என்று கெய்ரோவில் பணியாற்றிய ஹெர்பர்ட் மில்டன் 1897இலேயே எழுதிவைத்திருந்தார். அறுபது வருஷம் கழித்து, 1957இல், சிகாகோவில் ஆர்மண்ட் ஜூலியனும் அவரது குழுவினரும் இதயத்துக்கு இதுதான் சரியான பாதை என்று எடுத்துக்காட்டினார்கள். அதன்பிறகு உலகம் முழுக்க இதுவே வழக்கமானது. கழுத்துக்குழிக்குக் கீழிருந்து மேல்வயிறுவரை தோலைக் கீறி, எலும்பை ரம்பத்தால் அறுத்து, இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்துக்கொண்டு வேலை பார்ப்பது. முடிந்ததும் ஸ்டீல் கம்பிகளால் எலும்பை முறுக்கிக் கட்டி மூடுவது.

மூச்சு விடும்போதெல்லாம் அசைகிற எலும்பு அது. மேலே சதைப்பற்று குறைவு. நேர் கீழே இதயம். இங்கே கிருமி புகுந்தால் தோலோடு நின்றுவிடலாம். எலும்புக்குள்ளும், அதன் பின்னாலிருக்கிற இடைவெளிக்குள்ளும் இறங்கிவிட்டால் கதையே வேறு. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் ஃபிலாய்ட் லூப் குழுவினர் 6,504 பைபாஸ் நோயாளிகளைப் பார்த்து 1990இல் எழுதினார்கள். 72 பேருக்கு மார்பெலும்புப் புண்ணில் பெரிய சிக்கல் வந்திருந்தது. நூற்றுக்கு 1.1. அந்த 72 பேரில் ஏழில் ஒருவர் வீதம் இறந்துபோனார்கள்.

என் பெரியப்பாவுக்கு பைபாஸ் செய்வதற்கு முதல்நாள் சம்மதப் படிவம் நீட்டினார்கள். அதில் கிருமித்தொற்று என்ற வரிக்குப் பக்கத்தில் 1–2% என்று அச்சடித்திருந்தது. பெரியம்மா பள்ளிக்கூடம் தாண்டாதவர். படிவத்தை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு டூட்டி டாக்டரிடம் சாதாரணமாகத்தான் கேட்டார்: "நூத்துல ஒண்ணு ரெண்டுன்னு போட்டிருக்கே டாக்டர், அதுல இவரு உண்டா இல்லையா?" டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலையில் கணிப்பு மாடல்களோடு மல்லுக்கட்டுகிறவன் நான். இந்தக் கேள்விக்கு எங்களிடமும் பதில் கிடையாது. மருத்துவம் இந்தக் கேள்வியை எப்படி எப்படியெல்லாம் கேட்டுப் பார்த்திருக்கிறது என்று பிறகு தேடிப் படித்தேன். ரொம்ப காலத்துக்கு அது பெரியம்மாவின் கேள்வியையே கேட்கவில்லை என்பதுதான் முதலில் கண்ணில் பட்டது.

கேட்கப்பட்ட முதல் கேள்வி ஆளைப் பற்றியது இல்லை, கட்டடத்தைப் பற்றியது. 1869இல் எடின்பரோவின் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் கை, கால் துண்டிப்புக் கணக்குகளைத் திரட்டினார். பெரிய மருத்துவமனைகளில் 2,089 துண்டிப்புகள், 855 சாவு. கிராமப்புற மருத்துவர்கள் வீட்டிலும் குடிசையிலும் செய்தவை 2,098, சாவு 226. நூற்றுக்கு 41 எங்கே, 11 எங்கே! ஆஸ்பத்திரியே ஒரு நோய் என்கிற அர்த்தத்தில் அதற்குப் பெயரும் வைத்தார். கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தை வைத்துக்கொண்டு கிருமியோடு போராடிக்கொண்டிருந்த அதே வருஷங்கள்தான். சிம்ப்சனுக்கு லிஸ்டரைப் பிடிக்காது. கிருமி என்ற சொல்லே இல்லாமல், வெறும் எண்ணிக்கையால், எங்கே படுத்தால் சாவாய் என்று அவரால் சொல்ல முடிந்தது. காரணம் தெரியாமலே சரியாகக் கணிக்க முடியும் என்பது இன்றைக்கு மெஷின் லேர்னிங்காரர்களின் பெருமை. இதில் புதுசு ஒன்றுமில்லை.

அடுத்து நிற்க வேண்டிய இடம் 1964. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் டெரில் ஹார்ட், 1930களில் தன் நெஞ்சு அறுவை நோயாளிகளுக்கு அடிக்கடி புண் சீழ்பிடிப்பதைப் பார்த்துக் காற்றின்மேல் சந்தேகப்பட்டார். ஆபரேஷன் தியேட்டரில் புற ஊதாக்கதிர் விளக்குகளை மாட்டினார். டாக்டர்களும் நர்சுகளும் கண்ணையும் தோலையும் மூடிக்கொண்டு வேலை பார்த்தார்கள். தொற்று வெகுவாகக் குறைந்தது என்று அறிவித்தார். உண்மைதானா என்று பார்த்துவிட அமெரிக்க தேசிய ஆராய்ச்சி கவுன்சில் ஐந்து மருத்துவமனைகளில் பெரிய ஆய்வு நடத்தியது. பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைப் புண்கள். முடிவு 1964இல் வந்தது. விளக்கு எரிந்தால் காற்றில் கிருமி குறைந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் மொத்தத்தில் புண் சீழ்பிடிப்பது குறையவில்லை. மிகச் சுத்தமான ஒருவகை அறுவைகளில் மட்டும் கொஞ்சம் பலன் தெரிந்தது.

விளக்கு தோற்றது. ஆனால் அந்த ஆய்வுக்காக, வெவ்வேறு அறுவைகளை ஒரே தராசில் போட வேண்டுமே என்று, புண்களை நான்காகப் பிரித்திருந்தார்கள். சுத்தமானது, சுத்தமானாலும் லேசாக அழுக்குப் பட வாய்ப்புள்ளது, அழுக்கானது, ஏற்கெனவே சீழ் வைத்தது. குடலைத் திறந்தால் ஒரு வகுப்பு, குடல் வெடித்துப்போய் வந்தால் வேறு வகுப்பு. விளக்கை மறந்துவிட்டார்கள். நான்கு வகுப்புகள் இன்றுவரை ஆபரேஷன் குறிப்பேடுகளில் உட்கார்ந்திருக்கின்றன.

இந்தப் பிரிவில் திறந்த இதய அறுவை எங்கே வரும்? முதல் வகுப்பு, சுத்தம். குடல் இல்லை, மூச்சுக்குழாய் இல்லை, தோலைத் தவிர கிருமி வசிக்கிற எந்த இடத்தையும் தொடுவதில்லை. சாதாரண குடலிறக்க அறுவைக்கும் அதே வகுப்புதான். ஐந்து மணி நேரம் நெஞ்சைப் பிளந்து வைத்துக்கொண்டு, ரத்தத்தை இயந்திரத்தில் சுற்றவிட்டு, காலிலிருந்து ஒரு நாளத்தையும் உருவியெடுக்கிற வேலைக்கும், முக்கால் மணி நேரத்தில் முடிகிற வேலைக்கும் ஒரே மார்க்!

புண்ணைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டே இருந்தால் என்ன தெரியும் என்பதைக் கனடாவின் கால்கரி நகரில் பீட்டர் குரூஸ் காட்டினார். அவரும் ஃபூர்டும் 1973இல் எழுதியது 23,649 புண்களைப் பற்றி. 1980இல் கணக்கு 62,939. இதற்கென்றே ஒரு நர்ஸ் இருந்து புண்களைப் பார்த்துக் குறித்தார். எந்த அறுவை மருத்துவரின் கையில் எத்தனை புண் சீழ்பிடித்தது என்று அவரவருக்குக் கணக்கு போனது. திட்டவில்லை, தண்டிக்கவில்லை. கணக்கு மட்டும் போனது. தொற்று குறைந்தது.

அந்தக் கணக்கில் என்னை நிறுத்திவைத்தது சவரக்கத்திதான். சுத்தமான அறுவைகளில், ரேஸரால் முடி மழித்தவர்களுக்கு நூற்றுக்கு 2.5 தொற்று. முடியை வெறுமனே கத்தரித்தவர்களுக்கு 1.7. ஒன்றுமே செய்யாமல் விட்டவர்களுக்கு 0.9. சுத்தத்துக்காகச் செய்த காரியம் தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போட்டு, அதில் கிருமியைக் குடிவைத்திருந்தது. இதய அறுவையில் இது சாதாரண விஷயம் கிடையாது. நெஞ்சிலிருந்து கால்வரை மழிப்பார்கள். 1992இல் வெளியான ஓர் ஆய்வில் 1,980 இதய நோயாளிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்துப் பார்த்தார்கள். கையால் மழித்த 990 பேரில் 13 பேருக்கு மார்பெலும்புக்குப் பின்னால் சீழ். மின்சாரக் கிளிப்பரால் முடி வெட்டிய 990 பேரில் 4 பேருக்கு. யாருக்கு வரும் என்று கணிக்கும் பட்டியல்களில் வயது, சர்க்கரை, எடை எல்லாம் இருக்கும். 'முந்தின நாள் இரவு உனக்கு யார், எதால் சவரம் செய்தார்கள்' என்பது இருக்காது.

இதற்கிடையே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இன்னொரு கேள்வியோடு வந்தது. எந்த மருத்துவமனை ஒழுங்காக இருக்கிறது, எது இல்லை? ஒரு ஆஸ்பத்திரியில் தொற்று அதிகம் என்றால் அவர்கள் மோசமா, அல்லது மோசமான நோயாளிகளை அவர்கள்தான் எடுத்துக்கொள்கிறார்களா? இதைப் பிரித்தறிய, ராபர்ட் ஹேலி 1985இல் நான்கே கேள்விகள் கொண்ட ஒரு குறியீட்டைக் கொடுத்தார். வயிற்று அறுவையா, இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனதா, புண் அழுக்கு வகுப்பா, நோயாளிக்கு மூன்று அல்லது அதற்கு மேல் நோய்கள் எழுதப்பட்டிருக்கின்றனவா. 1970இன் 58,498 நோயாளிகளிடம் உருவாக்கி, 1975–76இன் 59,352 பேரிடம் சரிபார்த்தார்கள். பஞ்சை அட்டைகளின் காலத்தில் இது பெரிய வேலை, தலைவணங்குகிறேன்.

1991இல் அதைத் திருத்தி அடுத்த குறியீடு வந்தது. மூன்று கேள்வி, பூஜ்யத்திலிருந்து மூன்றுவரை மார்க். புண் அழுக்கானதா? மயக்க மருந்து நிபுணர் நோயாளியின் உடல்நிலைக்குப் போட்ட வகுப்பு மூன்றோ அதற்கு மேலோ? அறுவை, அந்த வகை அறுவைகளில் நான்கில் மூன்று பங்கு முடிந்துவிடுகிற நேரத்தைத் தாண்டியதா? 84,691 அறுவைகளில் பார்த்தபோது தொற்று அழகாகப் படியேறியது: 1.5, 2.9, 6.8, 13.0. எந்த டேட்டாக்காரனும் ஃப்ரேம் போட்டு மாட்டிக்கொள்கிற வரைபடம்.

இந்த அளவுகோலை இதய அறுவைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புண் வகுப்பு? கிட்டத்தட்ட எல்லோருக்கும் சுத்தம், பூஜ்யம். உடல்நிலை வகுப்பு? பைபாஸுக்கு வருகிற யார்தான் நல்ல உடம்போடு வருகிறார்கள்? கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒன்று. மிச்சம் நேரம் மட்டும். பைபாஸுக்கு எல்லை ஐந்து மணி நேரம். ஆக, நோயாளிகள் அத்தனை பேரும் ஒன்று அல்லது இரண்டு என்ற இரண்டே டப்பாக்களில் விழுந்தார்கள். 4 மணி 50 நிமிஷமா, 5 மணி 10 நிமிஷமா, இதைத்தான் அது அளந்துகொண்டிருந்தது. இதய, நெஞ்சு அறுவைகளில் இந்தக் குறியீடு நோயாளிகளைப் பிரித்துக் காட்டுவதில்லை என்று 2000இல் ஓர் ஆய்வு தெளிவாகவே சொன்னது.

இன்னொரு வேடிக்கை. அந்த உடல்நிலை வகுப்பை 1941இல் மேயர் சாக்லாடும் சகாக்களும் உருவாக்கியபோது, இது நோயாளியின் உடல்நிலையை மட்டும் குறிப்பது, அறுவையின் ஆபத்தைச் சொல்வதற்கு இல்லை என்றே எழுதினார்கள். புள்ளிவிவரம் சேர்க்கிறவர்கள் ஒரே மொழியில் பேச வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். ஐம்பது வருஷத்தில் அது ஆபத்துக் கணக்கின் ஒரு கால் ஆகிவிட்டது. மென்பொருளில் இப்படி நிறைய உண்டு. ஒருத்தர் சும்மா லாக் பண்ணி வைத்த ஒரு ஃபீல்டை, பத்து வருஷம் கழித்து வேறு யாரோ எடுத்து அதன்மேல் மாளிகை கட்டியிருப்பார்கள்.

இதய அறுவைக்காரர்கள் தங்களுக்கான பட்டியலைத் தாங்களே தேட ஆரம்பித்தார்கள். அங்கேதான் தொழிலுக்குள்ளேயே ஒரு தர்மசங்கடம் இருந்தது. மார்பெலும்பின் இரு ஓரத்திலும் உள்பக்கமாக ஒவ்வொரு தமனி ஓடுகிறது. எலும்புக்கு ரத்தம் கொடுப்பவை அவைதான். இடப்பக்கத் தமனியை இறக்கி இதயத்தில் ஒட்டினால், காலிலிருந்து எடுக்கிற நாளத்தைவிட அது பல வருஷம் அதிகமாக உழைக்கும்; நோயாளி அதிக காலம் வாழ்வார் என்று லூப் குழு 1986இல் காட்டியது. அப்படியென்றால் இரண்டையும் எடுத்துவிடலாமே? எடுக்கலாம். எலும்பின் சாப்பாடு இரண்டு பக்கமும் நின்றுபோகும். சர்க்கரை நோயாளிக்கு இரண்டையும் எடுத்தால் புண் சிக்கல் ஐந்து மடங்கு என்று அதே குழு 1990இல் எழுதியது. பத்து வருஷம் கழித்து வரப்போகிற நன்மைக்காகப் பத்தாம் நாள் வரக்கூடிய ஆபத்தை ஏற்பதா? ஒரு கணிப்பு உண்மையிலேயே தேவைப்படுகிற இடம் இது. ஏனென்றால், கத்தியை எடுக்குமுன் முடிவெடுக்க வேண்டும்.

2005இல் ஃபௌலர் குழு அமெரிக்க நெஞ்சு அறுவை மருத்துவர் சங்கத்தின் தரவுத்தளத்தில் இறங்கியது. 2002, 2003 ஆகிய இரண்டே வருஷத்தில் 3,31,429 பைபாஸ்கள். 11,636 பேருக்குப் பெரிய தொற்று, நூற்றுக்கு 3.51. அதில் கால் பங்கு மார்பெலும்புக்குப் பின்னால். மூன்றில் ஒரு பங்கு, நாளம் எடுத்த காலில். அதற்கும் சற்று மேலானவை ரத்தத்தில். தொற்று வந்தவர்களில் 17.3% பேர் இறந்தார்கள், வராதவர்களில் 3.0%. அறுவைக்கு முன்பே தெரிகிற விஷயங்களை வைத்து மார்க் போட்டார்கள். பருமன், சர்க்கரை, இதயச் செயலிழப்பு, டயாலிசிஸ் என்று பட்டியல் நீளும். ஆஸ்திரேலியாவில் 2007இல் வந்தது இதற்கு நேரெதிர், விரல்விட்டு எண்ணிவிடலாம். சர்க்கரை இருந்தால் 1. உடல் நிறைக் குறியீடு 30க்கு மேல் 1, 35க்கு மேல் 2. அவ்வளவுதான், கூட்டிக்கொள்ள வேண்டியது. லண்டனின் பிராம்ப்டன்-ஹேர்ஃபீல்ட் மருத்துவமனைகள் போட்ட பட்டியலில் பெண் என்றாலே 2 மார்க். மார்பகத்தின் எடை தையலை இரு பக்கமும் இழுக்கிறது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

ஃபௌலரின் மார்க் எவ்வளவு சரி? சுமார் 0.70. இந்த எண்ணுக்கு அர்த்தம் இதுதான்: தொற்று வந்த ஒருவரையும் வராத ஒருவரையும் ஜோடியாக நிறுத்தி, இருவரில் யார் என்று கேட்டால், பத்து ஜோடியில் ஏழில் சரியாகச் சொல்லும். காசு சுண்டினாலே ஐந்து சரியாக வரும். மூன்றே கால் லட்சம் பேரைப் படித்துவிட்டு நாம் வாங்கியது அந்தக் கூடுதல் இரண்டு.

அரிதான விஷயத்துக்கு இதிலும் ஒரு சிக்கல். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம், ஒரு மார்க் முறை அபாயக் கூட்டத்தைப் பிரித்துக் கொடுக்கிறது. அந்தக் கூட்டத்தில் நூற்றுக்கு ஐந்து பேருக்குத் தொற்று வரும். சராசரியைவிடப் பல மடங்கு, பெரிய வெற்றிதான். ஆனால் அந்தக் கூட்டத்திலும் 95 பேர் சுகமாக வீட்டுக்குப் போவார்கள். பெரியம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது?

எனக்கு இந்த வரலாற்றில் பிடித்த ஆட்கள், மார்க்கை மேலும் கூர்மையாக்கியவர்கள் கிடையாது. பட்டியலில் கையால் மாற்றக்கூடிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அதை ஒழித்துக்கட்டப் பார்த்தவர்கள்தான். அமெரிக்காவின் போர்ட்லேண்டில் ஆண்டனி ஃபர்னரி அப்படி ஒருவர். சர்க்கரை நோயாளி என்றால் தொற்று அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். நோயை மாற்ற முடியாது, அதனால் அது விதி மாதிரி பட்டியலில் இருந்தது. அவர் குழு கேட்டது வேறு: ஆபத்து சர்க்கரை நோயிலா, அறுவையைத் தொடர்ந்த ஓரிரு நாட்களில் ரத்தத்தில் ஏறிக் கிடக்கிற சர்க்கரையிலா? சர்க்கரை ஏறியபிறகு ஊசி போடுவதை விட்டுவிட்டு, இன்சுலினை நரம்பு வழியே தொடர்ந்து சொட்டவிட்டார்கள். 1987 முதல் 1997 வரை 2,467 நோயாளிகள். பழைய முறையில் 968 பேரில் 19 பேருக்கு ஆழமான தொற்று, 2.0%. புதிய முறையில் 1,499 பேரில் 12 பேர், 0.8%. குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு இல்லை, முன்னே-பின்னே ஒப்பீடுதான். அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டே சொல்கிறேன், இது அழகான வேலை.

யோசித்துப் பாருங்கள், ஃபர்னரிக்கு முன்னால் உருவான ஒரு மாடலை அவருடைய வார்டில் ஓடவிட்டால் என்ன ஆகும்? 'சர்க்கரை நோயாளி, ஜாக்கிரதை' என்று அலறிக்கொண்டே இருக்கும்; தொற்று வராது. டாஷ்போர்டில் மாடல் தப்பு என்று காட்டும். எங்கள் தொழிலிலும் இதே கதைதான். சர்வர் விழப்போகிறது என்று எச்சரிக்கை வந்து, ராத்திரியே யாரோ எழுந்து சரிசெய்துவிட்டால், காலையில் அது பொய் எச்சரிக்கை என்ற கணக்கில் ஏறிவிடும்.

மூக்கின் கதையும் இப்படித்தான். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி நிறைய பேருக்கு மூக்கின் முன்பகுதியில் எந்தத் தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கிறது. இதய அறுவைப் புண்ணில் அதே கிருமி வந்தவர்களைப் பார்த்து, மூக்கில் அதைச் சுமப்பவர்களுக்குத்தான் இந்த ஆபத்து பல மடங்கு என்று நெதர்லாந்தில் யான் க்ளூட்மன்ஸ் குழு 1995இல் எழுதியது. அடுத்த வருஷமே மூக்கில் ஒரு களிம்பு தடவிப் பார்த்தார்கள். இதய, நெஞ்சு அறுவைகளில் தொற்று 7.3%இலிருந்து 2.8% ஆனது. 2010இல் முறையான குலுக்கல் ஆய்வும் வந்தது. கிருமி சுமப்பவர்களை முதலிலேயே கண்டுபிடித்து, களிம்பும் மருந்துச் சோப்புக் குளியலும் கொடுத்தால் அந்தக் கிருமியால் வரும் தொற்று 7.7%க்குப் பதில் 3.4%. வெளியே இருந்து வருகிறான் எதிரி என்று தியேட்டர் காற்றுக்கு விளக்கு மாட்டியவர்கள் நினைத்திருந்தார்கள். அவன் நோயாளியின் மூக்கிலேயே உட்கார்ந்திருந்தான்.

இந்த உற்சாகம் ஓர் இடத்தில் தலைகுப்புற விழவும் செய்தது. சர்க்கரையை இறக்குவது நல்லது என்றால் இன்னும் இறக்கலாமே என்று, பெல்ஜியத்தின் லூவனில் கிரேட் வான் டென் பெர்ஹே 2001இல் ஐசியூ நோயாளிகளின் சர்க்கரையை 80–110க்குள் கட்டிவைத்தார். பெரும்பாலும் இதய அறுவை முடிந்தவர்கள். சாவு குறைந்தது. உலகமே அந்தப் பக்கம் சாய்ந்தது. 2009இல், பல நாடுகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பலதரப்பட்ட ஐசியூ நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், அப்படி இறுக்கிப் பிடித்தவர்களில் 27.5% பேரும், 180வரை விட்டுப்பிடித்தவர்களில் 24.9% பேரும் இறந்தது தெரிந்தது. இறுக்கிப் பிடித்ததுதான் கூடுதலாகக் கொன்றிருக்கிறது.

பிறகு பணம் உள்ளே வந்தது. 2008 அக்டோபர் முதல், பைபாஸுக்குப் பிறகு மார்பெலும்புக்குப் பின்னால் தொற்று வந்தால் அதற்கான கூடுதல் செலவைத் தரமாட்டோம் என்று அமெரிக்காவின் அரசுக் காப்பீடான மெடிகேர் சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரி கவனமாக இருக்கும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் இப்போது மார்க் ஷீட் யார் கையில் இருக்கிறது பாருங்கள். எடை அதிகம், சர்க்கரை அதிகம், சிறுநீரகம் சரியில்லை என்று ஒருவர் வருகிறார். மார்க்கைப் பார்த்து 'இவருக்குக் கூடுதல் கவனிப்பு' என்றும் சொல்லலாம். 'இவரை வேறு எங்காவது அனுப்பிவிடலாம்' என்றும் சொல்லலாம். நியூயார்க் மாநிலம் இதய அறுவை மருத்துவர்களின் சாவுக் கணக்கைப் பெயரோடு வெளியிடத் தொடங்கிய 1990களிலேயே, மோசமான நிலையில் வருகிறவர்களை டாக்டர்கள் தவிர்க்கிறார்களா என்ற சண்டை நடந்தது. ஆஸ்பத்திரிகளை நியாயமாக ஒப்பிடுவதற்காகப் பிறந்த எண், நோயாளியை வாசலில் நிறுத்திவைக்கவும் பயன்படும்.

நம் ஊருக்கு வரும்போது அளவுகோலே கொஞ்சம் கோணுகிறது. 30, 35 என்று மார்க் போடுகிற அந்த உடல் நிறைக் குறியீடு வெள்ளைக்கார உடம்புகளில் அளந்தது. ஆசியர்களுக்கு 23லேயே ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5இல் அதிகமாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் எழுதியது. அது புண் தொற்றைப் பற்றிய கணக்கு இல்லை, சர்க்கரையையும் இதய நோயையும் பற்றியது. இருந்தாலும், இந்தியாவில் பத்து கோடி பேருக்குச் சர்க்கரை என்று 2023இல் ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னதை இதன் பக்கத்தில் வையுங்கள். ஒல்லிக் கை கால், முன்தள்ளிய தொப்பை, குறியீடு 26, இருபது வருஷச் சர்க்கரை. பைபாஸ் வார்டில் இப்படி ஒருவரைப் பார்க்காமல் திரும்ப முடியாது. ஆஸ்திரேலிய முறையில் இவருக்கு 1 மார்க்.

பட்டியலில் இடமே இல்லாதவையும் உண்டு. அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் பைபாஸ் முடிந்த ஏழு பேருக்கு மார்பெலும்பில் விசித்திரமான, மண்ணில் காணப்படும் வகைக் கிருமி வந்தது. துப்புத் துலக்கிக்கொண்டு போனால், அந்த அறுவைகளில் உதவிய ஒரு நர்ஸிடம் அதே கிருமி. அவர் வளர்த்த மூன்று நாய்களில் இரண்டின் உடம்பிலும் இருந்தது. 1991இல் இது கட்டுரையாக வந்தது. அந்த ஏழு பேரின் வயதையும் எடையையும் சர்க்கரையையும் எத்தனை முறை கூட்டிக் கழித்தாலும் விடையில் நாய் வராது.

இதைவிடப் பெரியது ஸூரிக்கில் தொடங்கியது. அறுவையின்போது இதய-நுரையீரல் இயந்திரத்தில் ஓடும் ரத்தத்தின் சூட்டைக் கட்டுப்படுத்த, தண்ணீர்த் தொட்டி வைத்த ஒரு பெட்டி தியேட்டரில் நிற்கும். அதன் தண்ணீர் ரத்தத்தைத் தொடுவதே இல்லை. ஆனால் தொட்டியில் மைக்கோபாக்டீரியம் கிமேரா என்ற, மெதுவாக வளரும் கிருமி தங்கியிருந்தது. தண்ணீரின் நுண்துளிகளைப் பெட்டியின் மின்விசிறி காற்றில் கிளப்பிவிட, அது திறந்திருந்த நெஞ்சுக்குள் போய் இறங்கியது. டெரில் ஹார்ட் சந்தேகப்பட்ட அதே காற்று. நோய் வெளியே தெரியச் சில மாதங்களும் ஆகலாம், சில வருஷங்களும் ஆகலாம். மார்க் முறைகள் எல்லாம் 30 நாளோ 90 நாளோ பார்த்துவிட்டுக் கோப்பை மூடிவிடுகிறவை. ஸூரிக்கின் கட்டுரை 2015இல் வந்தது. அதே வருஷத்தில் அமெரிக்க மருத்துவமனைகள் தங்கள் பழைய நோயாளிகளுக்குக் கடிதம் போட ஆரம்பித்தன. காரணம் தெரியாத காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைவு, தீராத சோர்வு இருந்தால் உடனே வந்து காட்டுங்கள் என்று. புண் எப்போதோ ஆறி, தழும்பும் வெளுத்துப்போய், பலர் ஆபரேஷனையே மறந்திருப்பார்கள். அவர்கள் வீட்டுத் தபால்பெட்டியில் அந்தக் கடிதம் கிடந்தது.